ஃபார்மலினில் போட்ட கடற்பஞ்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், 'வலையில் வரும் கடற்பஞ்சை நல்ல தண்ணீரில் கழுவி, ஃபார்மலினில் போட்டுக் கொண்டுவந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் அனைத்தையும் ஆய்வகத்தில் வளர்த்துவிடலாம்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் இதழை நம்பிப் படிப்பவர்கள். இந்த வரியைப் படித்துவிட்டுப் பாட்டிலோடு துறைமுகத்தில் போய் நிற்கப்போவது அவர்கள்தான்.

ஃபார்மலின் நுண்ணுயிரைக் கொன்றுவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. பிறகு எதை வளர்ப்பது? டி.என்.ஏ. எடுக்கலாமென்றால், அதையும் புரதத்தோடு பிணைத்துத் துண்டு துண்டாக்கிவிடும், டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனையில் பெரும்பாலும் பட்டை விழாது. நல்ல தண்ணீர் பட்டால் உப்புநீரில் வாழ்ந்த செல்கள் உப்பி உடையும். நுண்ணுயிரைத் தடுக்கும் 0.22 மைக்ரான் துளை வடிதாளில் வடித்த கடல்நீரால்தான் மூன்று முறை அலச வேண்டும். உயிரோடு எடுத்தாலும் 'அனைத்தையும்' வளர்க்க முடியாது. ஆய்வக வளர்ப்புத் தட்டில் முளைப்பது பெரும்பாலும் நூற்றில் ஒன்றுகூட இல்லை. மற்றவற்றை, பாக்டீரியாக்களை இனம் காண உதவும் 16எஸ் மரபணுவின் வரிசையை வைத்துத்தான் அறிகிறோம்.

எத்தனால் போதுமே என்பார்கள். போதும், மாற்றினால். பஞ்சின் உடம்பெங்கும் கால்வாய், கால்வாயெங்கும் தண்ணீர். அரை சென்டிமீட்டர் துண்டுக்கு அதைப்போல் பத்து மடங்கு 95 சதவீத எத்தனால் ஊற்றி, மறுநாள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். பஞ்சில் இருக்கும் தண்ணீரே எத்தனாலை நீர்த்துப்போகச் செய்துவிடும். மாற்றாத குப்பியைத் திறந்தால் திசு கொழகொழவென்று வரும். எங்களிடம் வந்த மாணவர் குப்பிகளில் இந்தக் கோளாறைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். அதற்கடுத்தது, பஞ்சு எடுத்த இடத்திலேயே ஒரு லிட்டர் கடல்நீரையும் வடித்து வைக்காமல் வருவது. அது இல்லாமல், பஞ்சில் குடியிருப்பது எது, தண்ணீரோடு வந்துபோனது எது என்று எப்படிப் பிரிப்பது? ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடத்து வண்டல் கலங்கி வரும்போது அரை லிட்டருக்குள்ளேயே வடிதாள் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் நிறுத்திவிட்டு, வடிந்த அளவைக் குறித்துக்கொண்டால் போதும். டி.என்.ஏ. பிரிக்கும்போது, திசு எதுவும் போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே ஓட்ட வேண்டும். பிரிக்கப் பயன்படும் வேதிப்பொருள் கிட்டிலிருந்து வரும் பாக்டீரியாவைப் பஞ்சின் கணக்கில் எழுதிவிடக் கூடாதல்லவா?

மனத்தாங்கல் இந்த ஒரு வரியால் மட்டும் வந்ததல்ல. முன்பு ஒருமுறை கடற்பஞ்சைக் 'கடல் தாவரம்' என்று எழுதினீர்கள், அது விலங்கு. போன ஆண்டு பவளப்பாறைப் படத்தைப் போட்டுக் கடற்பஞ்சு என்றீர்கள். இரண்டுக்கும் எழுதினோம், திருத்தம் வரவில்லை. 'கடற்பஞ்சு தரும் புற்றுநோய் மருந்து' என்று தலைப்பிட்டபோது, தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்ற பஞ்சின் மருந்துக்குணமுள்ள வேதிப்பொருள்களில் பெரும்பகுதியைச் செய்வது அதனுள் வாழும் என்டோதியோனெல்லா பாக்டீரியா என்று 2014-லேயே வெளிவந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சில பஞ்சுகளின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நுண்ணுயிர்தான். வேலை செய்கிறவர்களின் பெயரை விட்டுவிட்டு வீட்டின் பெயரை மட்டும் போட்டால் எங்களுக்கு வலிக்கிறது.

இழுவைமடியில் வந்து, மேல்தளத்து வெயிலில் மீனோடு கிடந்த பஞ்சு நுண்ணுயிர் ஆய்வுக்கு ஆகாது. அதற்குள் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் பெருகிவிடும். இனம் காண வைத்துக்கொள்ளலாம்: சிறு துண்டைப் பிளீச்சில் போட்டால் சதை கரைந்து, பஞ்சின் உடலைத் தாங்கும் சிலிக்கா ஊசிகள் அடியில் தங்கும், அலசிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். நுண்ணுயிருக்கு என்றால், முக்குளித்து நீருக்கடியிலேயே ஜிப் கவரில் கடல்நீரோடு அடைத்து மேலே கொண்டுவர வேண்டும்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குமுன் பிள்ளைகள் துறைமுகத்துக்கு வருவார்கள். அதற்கு முந்தைய இதழில், அதே மாணவர் பக்கத்தில், நான்கு வரித் திருத்தம் போடுங்கள். இடம் போதாதென்றால் 'ஃபார்மலின் வேண்டாம், எத்தனாலை மறுநாள் மாற்றுங்கள்' என்பதை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
கடல் நுண்ணுயிரியல் ஆய்வக வாசகர்கள்,
நாகப்பட்டினம்.