நீல கிரேஃபிஷ் கருத்துப்போனால்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. தண்டையார்பேட்டைக்குக் குடிமாறியதும், சின்னவளுக்கு வேலை கிடைத்ததும் பெரிய சந்தோஷம். தொட்டி விஷயத்தை மட்டும் உடனே எழுதிவிடுகிறேன். இதில் தாமதம் கூடாது.

தொட்டியில் நீ வளர்க்கும் நீல கிரேஃபிஷ் (கொடுக்கு உள்ள, எறா மாதிரியான நன்னீர் உயிர்) பத்து நாளாக மங்கிக் கருத்துவிட்டது, சாப்பிடுவதில்லை, பானையை விட்டு வெளியே வருவதில்லை என்கிறாய். மருந்து எதையும் ஊற்றாதே. நீ சொல்லும் அடையாளம் மூன்றும், வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்றப் போவதற்கானவை. டார்ச் அடித்துப் பார். தலை ஓடு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் சின்ன இடைவெளியும் அதில் வெளிறிய சவ்வும் தெரிந்தால் ஒன்றிரண்டு நாளில் கழற்றிவிடும். அந்த இடுக்கு வழியாகத்தான் தலை, மீசை, கொடுக்கு எல்லாம் முதலில் வெளியே வரும். கடைசியில் வாலை ஒரு உதறு உதறும். அப்போது மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று கை வைக்காதே. பழைய ஓட்டையும் எடுக்காதே, சுண்ணாம்புச் சத்துக்காக அதையே தின்னும். மூன்று நான்கு நாள் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். கூட இருக்கும் மீன்களை அதுவரை வேறு தொட்டியில் விடு.

நிறத்துக்குக் காரணம் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி. புரதத்தோடு சேர்ந்திருக்கும்வரை அது நீலமாகத் தெரியும். சூட்டில் பிணைப்பு அறுந்தால் சிவப்பு வெளியே வரும். காசிமேட்டு எறா சட்டியில் விழுந்ததும் சிவப்பது இதனால்தான். உடம்பு இதைத் தானாக உண்டாக்காது, தீனியிலிருந்துதான் வரவேண்டும். ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனியும், வாரம் இரண்டு முறை வேகவைத்த கேரட்டோ கீரையோ போடு. வெள்ளை மணலில் வெளிறும், கருப்பு மணலில் கருக்கும். அதுவும் நோயில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. ஓட்டில் பழுப்பாகக் குழி விழுந்தால் கிருமி ஓட்டை அரிக்கிறது என்று அர்த்தம். தண்ணீரைச் சுத்தமாக வைத்தால் பெரும்பாலும் அடுத்த முறை ஓடு கழற்றும்போது அதோடு போய்விடும். வாலின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இல்லாமல் சதை பால்வெள்ளையாக மாறிக்கொண்டே போனால் உடனே தனியே பிரித்துவிடு. அது ஒட்டுண்ணி நோயாக இருந்தால் மருந்து கிடையாது. செத்ததை மற்றது தின்றால் பரவும்.

தண்ணீர்தான் முக்கியம். கேன் வாட்டரும் ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டவே வேண்டாம். அவற்றில் கால்சியம் இல்லாததால் ஓடு பாதியில் சிக்கிக்கொள்ளும். மெட்ரோ தண்ணீரை ஆன்டி-குளோரின் போட்டு, ஒருநாள் காற்று விட்டு ஊற்று. உன் இரண்டடி தொட்டியில் ஐம்பத்தைந்து லிட்டர் பிடிக்கும், வாரம் பன்னிரண்டு லிட்டர் மாற்றினால் போதும். தண்ணீரின் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம் போன்ற உப்புகளின் அளவு) எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும். குறைந்தால் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை (கணவாய் ஓடு) வாங்கி ஒரு துண்டு போடு. கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

கொசு மருந்தை ரொம்பக் கவனி, சேகர். காயிலிலும் லிக்விடிலும் இருக்கும் பைரெத்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மீனைவிடக் கிரேஃபிஷை வேகமாகக் கொல்லும். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அந்த அறையில் கொசுவலை கட்டு, தெருவில் புகை அடித்தால் ஜன்னலைச் சாத்திப் பம்பை நிறுத்து. மீன் மருந்து வாங்கினால் லேபிளில் காப்பர் இருக்கிறதா பார், இருந்தால் அந்தத் தொட்டி பக்கமே கொண்டுபோகாதே. மே மாதம் தண்ணீர் முப்பது டிகிரி தாண்டினால் மேற்பரப்பில் ஃபேன் காற்று படவிடு, இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

வளர்க்க முடியாது என்று தோன்றினாலும் ரெட்டேரி ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடாதே. அந்நிய உயிர், நம் நீர்நிலையைப் பாழாக்கும். கொளத்தூர் அலங்கார மீன் கடைத் தெருவில் திரும்ப எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

ஓடு கழன்றதும், அது தின்பதற்கு முன் பழைய ஓட்டை ஒரு படம் எடுத்து அனுப்பு. கொடுக்கும் காலும் முழுசாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மணி
கொளத்தூர்