கியர் பாக்ஸ் ஃபில்டர் மாத்தாமயே பில் போட்டது சம்பந்தமா புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் சார் அவர்களுக்கு,

வணக்கம் சார். நான் ஏற்காட்டுல இருக்கேன், சேலத்துல உள்ள உங்க சர்வீஸ் சென்டர்லதான் எப்பவும் வண்டி விடுவேன். இந்த தடவை என் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு கியர் பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும்னு சொல்லி விட்டேன், ஜாப் கார்டுலயும் அப்படியேதான் எழுதினாங்க. பில்லுல ஆயில், ஃபில்டர், சேம்பர் (கியர் பாக்ஸ் அடியில ஆயில் நிக்குற தட்டு) பேக்கிங், லேபர்னு தனித்தனியா போட்டு முழு பணமும் வாங்கிட்டாங்க. ஆனா ஃபில்டர் மாத்தவே இல்ல சார்.

எப்படி தெரியும்னு கேப்பீங்க, சொல்றேன். வண்டி எடுத்துட்டு அடிவாரம் வரைக்கும் ஒன்னும் தெரியல, மலை ஏற ஆரம்பிச்சு கொண்டை ஊசி வளைவுல திரும்பும்போது ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது வண்டி இழுக்கல, ஒரு செகண்ட் கழிச்சு டக்குனு உதைச்சுட்டு கியர் விழுது. பின்னாடி பஸ்ஸு, பக்கத்துல என் மாமியார், வளைவுல வண்டி பின்னாடி நழுவுது, அந்த நேரத்துல எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க. இந்த ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவு இருக்குன்னு உங்க ஆளுங்களுக்கும் தெரியும், நான் ஏற்காட்டுக்காரன்னு ஜாப் கார்டுலயே இருக்கு.

மறுபடி உங்ககிட்ட போன் பண்ணா "புது ஆயில் சார், ஓட ஓட செட் ஆயிடும்"னு அட்வைசர் சொன்னார். அதை நம்பாம ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வேலை தெரிஞ்ச வேற ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். லிஃப்ட்ல ஏத்தி பார்த்தா சேம்பர் போல்ட் எதுலயும் ஸ்பேனர் பட்ட தடமே இல்ல, பழைய மண்ணு அப்படியே ஒட்டியிருக்கு. ஆயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட் மட்டும்தான் கழட்டி மாட்டியிருக்காங்க. ஃபில்டர் சேம்பருக்கு உள்ள இருக்கு சார், சேம்பரை இறக்காம அதை தொடவே முடியாது. அவர் இறக்கி காட்டினார், உள்ள காந்தத்துல கருப்பு பசை மாதிரி இரும்புத்தூள் கெட்டியா அப்பியிருக்கு. புது ஃபில்டர் மாட்டின யாரா இருந்தாலும் அந்த காந்தத்தை துடைச்சிட்டுதான் மாட்டுவாங்க. போட்டோ எல்லாம் இதோட இணைச்சிருக்கேன்.

அதோட ஆயில் லெவலும் ஒரு லிட்டருக்கு மேல கம்மி, எங்கயும் லீக் இல்ல. இந்த வண்டி கியர் பாக்ஸுக்கு ஆயில் அளவு பார்க்குற கம்பி (டிப் ஸ்டிக்) கிடையாது. இன்ஜின் ஓடிட்டு இருக்கணும், எல்லா கியரும் ஒரு சுத்து போட்டுட்டு பார்க்கிங்ல வைக்கணும், ஸ்கேனர்ல ஆயில் சூடு கம்பெனி சொன்ன அளவுக்கு வந்ததும் லெவல் போல்ட்ட திறந்து பார்க்கணும். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பார்த்தா டார்க் கன்வெர்ட்டர்ல (இன்ஜின் சக்தியை ஆயில் வழியா கியர் பாக்ஸுக்கு கடத்துற பாகம்) இருக்குற ஆயில் கீழ இறங்கி லெவல் சரியா இருக்குற மாதிரி வழியும், ஸ்டார்ட் பண்ணதும் பம்ப் அதை மேல இழுத்துடும், சேம்பர்ல கம்மியாயிடும். ஏத்தத்துல வளைவுல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குறப்ப ஃபில்டர் வாய் காத்தை இழுக்குது, பிரஷர் விழுது, உள்ள கிளட்ச் வழுக்குது. சமதளத்துல ஓட்டி பார்த்து ஓகேன்னு குடுத்துட்டீங்க. கிளட்ச் பிளேட்டு எவ்வளவு தேஞ்சிருக்கும்னு இப்ப யார் சொல்றது?

இன்னொன்னு, பில்லுல வெறும் "ஏ.டி.எஃப்"னு (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலோட பொதுப்பேர்) மட்டும் போட்டிருக்கு. எந்த கிரேடுன்னு இல்ல. தப்பான ஆயில் ஊத்தினா கியர் பாக்ஸே போயிடும், அதனால எனக்கு பார்ட் நம்பரோட எழுத்துல வேணும்.

எனக்கு வேண்டியது இதுதான். மாட்டாத ஃபில்டருக்கும் பேக்கிங்குக்கும், செய்யாத லேபருக்கும் வாங்கின பணம் திரும்ப வரணும். வெளிய ஃபில்டர் மாத்தி லெவல் வச்ச செலவையும் நீங்கதான் குடுக்கணும், பில் இணைச்சிருக்கேன். கியர் பாக்ஸ்ல பின்னாடி இதனால பிரச்சனை வந்தா வாரண்டில செஞ்சு தருவோம்னு லெட்டர் பேட்ல எழுதி குடுங்க. இனிமே மலை வண்டி எது வந்தாலும் கழட்டின பழைய ஃபில்டரை ஓனர் கையில குடுக்க சொல்லுங்க சார், மேல இருந்து ஃபேமிலியோட இறங்கி ஏறுற ஜனங்க நாங்க.

15 நாளைக்குள்ள எழுத்துல பதில் வரலன்னா 1915 ஹெல்ப்லைன்ல பதிஞ்சிட்டு சேலம் நுகர்வோர் கோர்ட்டுக்கு போயிடுவேன். பழைய ஃபில்டர், சேம்பர்ல இருந்து எடுத்த ஆயில் ரெண்டும் கவர் போட்டு பத்திரமா வச்சிருக்கேன், உங்க இன்ஜினியர் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர், ஏற்காடு