‘பிறகு?’ என்று கேட்காத பெடியன்

அன்புள்ள சின்னாச்சி,

நாங்கள் எல்லாரும் சுகம். இவருக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வாய்தான் இறங்கவில்லை. உன்ர பக்கத்துக் குளிரைப் பற்றி எழுதாதே, எனக்கு வாசிக்கவே கால் விறைக்கும். சரி, விசயத்துக்கு வருகிறேன். இதை இங்கே ஆருக்காவது சொன்னால் ஒரு மணித்தியாலத்தில் அக்காவின் காதுக்குப் போய்விடும், அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அக்காவின் மூத்தவளுக்கு ஆசிரிய நியமனம் கிடைத்துவிட்டது. நெடுந்தீவு. குறிகட்டுவானில் படகு ஏறி ஒரு மணித்தியாலம், காற்றுக் காலமென்றால் அதுவும் நிச்சயமில்லை. ஆனாலும் பிள்ளை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குதித்தாள். அந்தச் சனிக்கிழமை அவளுக்குப் பேசியிருக்கிற பெடியனும் கொழும்பிலிருந்து வந்திருந்தான், வாற ஆவணியில் கலியாண எழுத்து என்று பேச்சு. அக்கா வடை சுட்டு, பால் தேத்தண்ணி ஊற்றி, நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் “எனக்கு நியமனம் வந்திட்டுது, நெடுந்தீவு” என்றாள். அவன் “நெடுந்தீவோ? அப்ப நான் சனி ஞாயிறிலை வந்தா நீர் ஆரோடை கதைப்பீர்?” என்றான். அடுத்த மூச்சில் தன்னை அம்பாந்தோட்டைக்கு மாற்றிய கதை, மனேசர் சொன்னது, தான் திருப்பிச் சொன்னது, இடமாற்றத்தை நிறுத்த ஆரைப் பிடித்தது. அரை மணித்தியாலம். வடை முடிந்தது, கதை முடியவில்லை. எந்தப் பாடம், எங்கே தங்கப் போகிறாய், பயமாக இருக்கோ, பிறகு என்ன... ஒன்றும் கேட்கவில்லை. அவள் கடிதத்தை மடித்து மேசை விரிப்புக்குக் கீழே வைத்ததை அவன் காணவும் இல்லை.

அக்காவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். “பெடியன் குடிக்கிறேல்லை, சிகரெட் இல்லை, பாங்க் வேலை, சீதனம் எண்டு ஒரு சொல் கேட்கேல்லை, உனக்கு என்னடி பிரச்சினை?” அவ சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் சிக்கல். எங்கட ஆட்கள் வைத்திருக்கிற பட்டியலில் ‘இவன் மற்ற ஆளைக் காண்கிறவனோ’ என்ற கேள்வி இல்லையே.

கோப்பாய்க் கலாசாலையில் உளவியல் பாடத்துக்கு நித்திரை கொண்டவள் கதைக்கிறாள் என்று சிரிக்காதே. ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவவோடு சேர்ந்தவர்களும் 2004 இல் எழுதிய ஒரு ஆய்வு இருக்கிறது. நல்ல செய்தி சொன்னால் எதிரில் இருப்பவர் அதை நாலு விதமாக எடுக்கலாமாம். சந்தோசப்பட்டு மேலும் கேட்கலாம், “நல்லம்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம், அதில் குறை பிடிக்கலாம், அல்லது கவனிக்காமல் தன் கதைக்குத் தாவலாம். முதலாவது மட்டும்தான் உறவுக்கு நல்லதாம். இந்தப் பெடியன் ஒரே மூச்சில் மூன்றாவதையும் நாலாவதையும் செய்து முடித்தான்!

நாங்கள் எப்போதும் கஷ்டத்தில்தான் ஆளை எடை போடுகிறோம். கஷ்டமென்றால் தன்னை மட்டும் நினைக்கிறவனும் வந்து நிற்பான், அங்கே நாலு பேர் பார்ப்பார்கள். நாங்கள் ‘தவில்’ என்று பட்டம் வைத்தவளையே எடு. அம்மாவின் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்தானே. தம்பி சாம்பலைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறான், இவள் கரையில் என்ர காதுக்குள் தன் மனிசனின் முழங்கால் சத்திரசிகிச்சை. அன்றிரவே பேஸ்புக்கில் ‘எனக்கும் அம்மா’ என்று ஒரு படம், அதில் அம்மாவின் பாதி முகம், இவளின் முழு முகம். நீ விசா இல்லாமல் அங்கே தனிய இருந்து அதைப் பார்த்திருப்பாய் என்று எனக்கு நித்திரை வரவில்லை. அதற்குப் பிறகு அவள் உன்னோடு எத்தனை தரம் கதைத்தாள், அதில் உன்னைப் பற்றி எதைக் கேட்டாள்?

ஆனால் தன்னைப் பற்றியே கதைக்கிற எல்லாரையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எங்கட பின்வளவு அம்மாவை உனக்குத் தெரியும். 2017 இல் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் ஆட்கள் போராட்டம் தொடங்கியதிலிருந்து போய் வருகிறவ. வாயைத் திறந்தால் மகன், மகன், மகன்தான். என்ர சுகத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் எனக்குக் கால் சுளுக்கின கிழமை சொல்லாமல் கொள்ளாமல் முருங்கையிலையை ஆய்ந்து வேலிக்கு மேலால் தந்தவ. நான் நொண்டினது அவவின் கண்ணில் பட்டிருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

இப்ப யூடியூப்பைப் பார்த்துவிட்டு இளசுகள் எல்லாரையும் ‘நார்சிசிஸ்ட்’ என்கிறார்கள். அது வைத்தியரின் வேலை. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கையேட்டில் அந்த ஆளுமைக் கோளாறுக்கு ஒன்பது குணங்கள் போட்டு, குறைந்தது ஐந்தாவது இருக்க வேண்டும் என்கிறார்கள். கொஞ்சம் தன்னலம் ஆருக்குத்தான் இல்லை? 1979 இல் ரொஸ், சிக்கோலி என்ற இரண்டு பேர் புருசன் பெண்சாதிகளிடம் வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டுக் கூட்டிப் பார்த்தார்களாம், பெரும்பாலும் மொத்தத்தை விடக் கூட வந்ததாம். இவரைக் கேட்டால் தேங்காய் துருவித் தந்ததே எழுபது வீதம் என்பார்.

அதனால் பெடியனில் ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிள்ளையிடம் இவ்வளவுதான் சொன்னேன்: “நான் நியமனம் எண்டு சொன்ன நேரம் நீங்கள் ஒண்டும் கேட்கேல்லை, எனக்கு மனம் நொந்தது” என்று நேரே சொல்லு. பிறகு என்ன நடக்குது என்று பார். வெட்கப்பட்டு, அடுத்த கோலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் சரி, ஆள் திருந்துவான். மூன்று நாள் போன் எடுக்காமல் இருந்து, கடைசியில் நீயே மன்னிப்புக் கேட்கிற மாதிரி முடிந்தால் எனக்குச் சொல்லு, ஆவணிக்கு இன்னும் காலம் இருக்கு. அவள் “சரி சித்தி” என்றாள். சொன்னாளோ தெரியாது.

நீ அவளுக்கு ஒரு கோல் எடு. பெடியனைப் பற்றி மூச்சும் விடாதே, நான் எழுதினது தெரிந்தால் அக்கா என்னைக் கொல்லுவா. நெடுந்தீவைப் பற்றி மட்டும் கேள். அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

உன்ர மச்சாளிடம் ஒடியலும் பினாட்டும் கொடுத்துவிட்டிருக்கிறேன், தவிலுக்குப் பங்கு வைக்காதே. சித்திரைக்கு வாறாயோ இல்லையோ என்று உடனே எழுது, மேல் அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் பிடிக்க வேணும்.

அன்புடன்,
உன்ர கொக்குவில்காரி