அப்பாவுக்கு ஒரு ஃபவுல் டிப்

ஸ்காபரோ,
கனடா.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மா கொடுத்துவிட்ட ஒடியல்மாவும் பனங்கட்டியும் வந்து சேர்ந்தன. பனங்கட்டியைப் பிள்ளைகள் இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள்.

சின்னவன் விளையாடும் இடத்தில் பேஸ்போல் நடுவர்களுக்குத் தட்டுப்பாடு. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடக் கிரிக்கெட் மட்ச்சான வடக்கின் பெரும்போர் 1904இலிருந்து நடக்கிறது, என் அப்பாவும் பள்ளிக்கூட மட்ச்களில் நடுவராக நின்றவர் என்று நான் பெருமையடித்திருந்தேன். சரி, அப்படியானால் நீயும் நில் என்று பிடித்து விட்டார்கள். முகத்துக்கும் நெஞ்சுக்கும் கவசம் கட்டிக்கொண்டு கட்சரின் முதுகுக்குப் பின்னால் குனிந்து நிற்க வேண்டும். கட்சர் என்றால் எங்கள் விக்கெட் காப்பாளர் மாதிரி. கோடையில் கவசத்துக்குள் அவிந்து போகிறேன்.

போன சனிக்கிழமை ஒரு பிழை விட்டேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

துடுப்பில் உரசிய பந்தை விக்கெட் காப்பாளர் பிடித்தால் எங்களுக்கு ஆள் அவுட், கதை முடிந்தது. இங்கே அப்படியில்லை. உரசிய பந்து வேகம் குறையாமல் நேரே கட்சரிடம் போய், அவர் அதை நிலத்தில் விழாமல் பிடித்தால் அது ஃபவுல் டிப். அடிக்கிறவன் துடுப்பை வீசிப் பந்தைத் தவறவிட்டதுபோல அவன் கணக்கில் ஒரு ஸ்ட்ரைக், அவ்வளவுதான். அதுவே மூன்றாவது ஸ்ட்ரைக் என்றால் மட்டும் அவுட். மேலே கிளம்பி வளைந்து வந்த பந்தைப் பிடித்தால் வேறு கணக்கு. அது சாதாரணக் கட்ச், முதல் பந்திலேயே வெளியே போகலாம். (நீங்கள் சிரிப்பது தெரிகிறது.)

கட்சர் தவறவிட்டால் வெறும் ஃபவுல். பந்து செத்துவிடும், ஓடியவர்கள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஃபவுல் டிப்பில் பந்து உயிரோடு இருக்கும். ஓடுகிறவன் ஓடலாம், அடுத்த பேஸை, அதாவது ஓடிச் சேர வேண்டிய அடுத்த இடத்தை, திருடலாம். முன்பு பந்து முதலில் கட்சரின் கையிலோ கையுறையிலோ பட்டால்தான் ஃபவுல் டிப். மேஜர் லீக் என்கிற பெரிய தொழில்முறைப் போட்டியின் விதியில் 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது முகமூடியில் பட்டுத் தெறித்ததையும் நிலத்தில் விழுமுன் கையால் பிடித்தால் செல்லும்.

இதெல்லாம் எனக்குப் பாடம். ஆனால் அன்று முதல் பேஸில் நின்ற பெடியன், பதின்மூன்று வயதிருக்கும், பந்து வந்ததும் பாய்ந்தான். துடுப்பில் "டிக்" என்று கேட்டது. கேட்ட கையோடு இரண்டு கைகளையும் தூக்கி "ஃபவுல்" என்று கத்திவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், பந்து கட்சரின் கையுறைக்குள் பத்திரமாக இருந்தது. கத்தியதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். இரண்டாவது பேஸை எட்டியிருந்த பெடியனைத் திருப்பி அனுப்பினேன். ஃபவுல் என்றாலும் ஃபவுல் டிப் என்றாலும் அடிக்கிறவனுக்கு அது முதல் ஸ்ட்ரைக்தான். நட்டம் ஓடினவனுக்கு மட்டும்.

உங்களிடம் பழகிய பழக்கம் அப்பா. நீங்கள் காதால் தீர்ப்புச் சொல்வீர்கள் என்று மைதானத்தில் எல்லோரும் சொல்வார்கள். இங்கே காது பாதிதான் சொல்லும். கையுறையைப் பார்க்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பிடித்திருந்தால் ஒரு கையின் புறத்தில் மற்றக் கையை உரசிக் காட்டிவிட்டு ஸ்ட்ரைக் காட்ட வேண்டும். இரவில் குளியலறைக் கண்ணாடி முன்னால் அதைப் பழகுகிறேன். இவளுக்கு ஒரே சிரிப்பு.

மட்ச் முடிந்ததும் அந்தப் பெடியன் வந்து, "அதை அவன் பிடித்தானா?" என்று மரியாதையாகக் கேட்டான். பிடித்தான், பிழை என்னுடையது என்றேன். தலையாட்டிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூட நின்ற நடுவர், பெடியளிடம் அப்படி ஒப்புக்கொள்ளக் கூடாது என்றார். நீங்கள் அவ்விடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அடுத்த முறை போன் எடுக்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

முழங்கால் எண்ணெய் முடிந்துவிட்டதா? அம்மாவை அதிகம் வெயிலில் நிற்க விட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்