நண்பகலில் ஏறும் வோல்டேஜ்

ஆசிரியருக்கு,

வீட்டுக் கூரை சோலார் பற்றிய தங்கள் தலையங்கம் இணைப்புகளின் எண்ணிக்கையை மட்டுமே பேசியது. தெருவுக்கு மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளில், அதாவது மூன்று பேஸ்களில், எந்தப் பேஸில் இணைக்கிறோம் என்பதே நகரத் தெருக்களில் முக்கியம். சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் 3 கிலோவாட் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர்கள் பல ஒரே பேஸில் சேர்ந்துவிட்டால், உச்சி வெயிலில் மின்சாரம் டிரான்ஸ்பார்மரை நோக்கித் திரும்பி, அந்தப் பேஸின் வோல்டேஜ் ஏறும். 230 வோல்ட்டுக்கு 10 சதவீதம் கூடி 253-ஐத் தாண்டினால், இன்வெர்ட்டர் 2 நொடிக்குள் விலகிவிடும். லைனின் கடைசி வீடுகளில், நல்ல வெயிலில் இன்வெர்ட்டர் திரையில் ‘ஓவர் வோல்டேஜ்’ என்று காட்டி நின்று, சில நிமிடங்களில் இணைந்து, மறுபடி நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வோல்டேஜைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) இறக்கினால் இரவில் அதே வீடுகளில் வோல்டேஜ் போதாது.

எனவே அனுமதி தருமுன், நண்பகலில் லைனின் கோடியில் மூன்று பேஸையும் அளந்து, வோல்டேஜ் குறைந்த பேஸிலேயே புதிய இணைப்பைத் தர மின்வாரியம் உத்தரவிட வேண்டும்.