எல்லா ஆப்பும் வேணும்னு இல்ல, பொறுக்கி எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோஷியல் மீடியாவ மொத்தமா விட்டுடுங்கன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க. எது வேணும்னு பொறுக்கி எடுத்தாலே போதும்.

நான் கணக்கு எழுதுற வேலை பாக்குறேன். போன மாசம் ஒரு பக்கத்த கூட்டிக்கிட்டே வர்றேன், இருபத்தேழாவது வரியில போன் மின்னுது, ஏதோ குரூப்ல குட்மார்னிங் படம். பாத்தது ரெண்டே செகண்டு, திரும்பி வந்தா விரல் எந்த வரியில இருந்துச்சுன்னு தெரியல, மறுபடி முதல்லேர்ந்து. இப்படியே மூணு தடவ ஆச்சு, கடைசில 630ஐ 360ன்னு எழுதிட்டேன். வித்தியாசம் 270, ஒன்பதால மீதியில்லாம வகுபட்டா எண் இடம் மாறியிருக்கலாம்னு எங்க தொழில்ல சந்தேகப்படுவோம், ஆனா எந்த வரின்னு கண்டுபிடிக்க அரைநாள் போச்சு. ஒரு வேலைய பாதில விட்டுட்டு இன்னொன்னுக்கு போனா மனசுல கொஞ்சம் பழையதுலயே தங்கிடும்னு சோஃபி லெராய்ங்கிற ஆராய்ச்சியாளர் 2009லயே எழுதியிருக்காங்க. எனக்கு அது அன்னிக்குதான் உறைச்சுது.

அன்னிக்கு ராத்திரி ஒவ்வொரு ஆப்பையும் தொறந்து, இது இல்லன்னா என் வேலையோ உறவோ எது நின்னு போயிடும்னு யோசிச்சேன். வாட்ஸ்அப்ல பில் வருது, அது இருக்கட்டும், ஆனா குரூப் எல்லாம் மியூட். யூட்யூப்ல வரி சம்பந்தமா தேடி பாப்பேன், ஆட்டோபிளே ஆஃப். பேஸ்புக் ஞாயித்துக்கிழமை மட்டும், அதுவும் கம்ப்யூட்டர்ல. ரீல்ஸுக்குன்னே வச்சிருந்த ஆப்ப எடுத்துட்டேன், எதுவும் நின்னு போகல. தள்ளத் தள்ள முடிவே இல்லாம ஓடுற பக்கத்த 2006ல உருவாக்குன அசா ரஸ்கினே பின்னால அதுக்காக வருத்தப்பட்டார், அப்புறம் நம்ம கட்டைவிரல் மட்டும் எப்படி தானா நிக்கும்?

நஷ்டமே இல்லன்னு சொல்லமாட்டேன். பழைய பிரெண்டோட அப்பா தவறுன சேதி குரூப்ல வந்து எனக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, ரொம்ப கஷ்டமா போச்சு. முக்கியமானதுன்னா போன் பண்ணிடுங்கன்னு இப்ப எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், பண்றாங்க.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். நோட்டிபிகேஷன எங்க போய் அணைக்கணும்னே பலருக்கு தெரியல, முக்கியமா வயசானவங்களுக்கு. வாரம் ஒரு ஆப்னு படத்தோட உங்க பேப்பர்ல போடுங்க.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒரு வாசகர்