பெனால்டி வரிசையைக் கைதூக்கலுக்கு விடாதீர்கள்: ஜப்பான் கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அக்டோபர் 2025

ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த மாதம் 14-ஆம் தேதி டோக்கியோவில் பிரேசிலை முதன்முறையாக வென்றீர்கள். இடைவேளையில் 0-2, முடிவில் 3-2. அந்த மகிழ்ச்சியோடுதான் எழுதுகிறோம். ஆனால் சொல்ல வந்தது வேறு.

உங்கள் தேசிய அணியின் பயிற்சியாளர் ஹாஜிமே மொரியாசு பின்தங்கிய ஆட்டத்தைத் திருப்பத் தெரிந்தவர். 2022 உலகக் கோப்பையில், கலீஃபா அரங்கத்தில் ஜெர்மனியிடம் 0-1 என்று இருந்தபோது, இடைவேளையில் தாக்குதல் வீரர் குபோவை எடுத்துவிட்டு தடுப்பாளர் தொமியாசுவை இறக்கினார். நான்கு பேர் கொண்ட பின்வரிசை மூன்றானது. ஜெர்மனியின் பக்கவாட்டு ஆட்டக்காரர்களுக்கு அதுவரை கிடைத்துவந்த காலி இடம் அடைபட்டது. பிறகு மிதோமா, அசானோ, தோவான், மினாமினோ என்று ஒவ்வொருவராகத் தாக்குதலுக்கு வந்தார்கள். 75-ஆவது நிமிடத்தில் தோவான் கோல் அடித்தார், 83-இல் அசானோ. ஸ்பெயினுக்கு எதிராகவும் இதே கதைதான்: இடைவேளையில் தோவானும் மிதோமாவும் வந்தார்கள், 51-ஆவது நிமிடத்துக்குள் இரண்டு கோல்.

இந்த மூன்று பேர் பின்வரிசை அவருக்குப் புதிதல்ல. ஜப்பான் லீக்கின் ஹிரோஷிமா அணியில், முந்தைய பயிற்சியாளர் பெத்ரோவிச் விட்டுப்போன 3-4-2-1 அமைப்பை (பின்வரிசையில் மூவர்) 2012-இல் கையில் வாங்கி, பந்து எதிரணியிடம் போனதும் ஐவர் பின்வரிசையாக இறுக்கினார். 2013-இல் 34 ஆட்டங்களில் 29 கோல்தான் விட்டார்கள். 2012, 2013, 2015 என நான்கு ஆண்டுகளில் மூன்று லீக் பட்டங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முன்னிலையில் இருக்கும்போது, எதிரணி நீளப் பந்துகளைக் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் போடத் தொடங்கினால், அவருடைய மாற்றங்கள் தாமதமாகின்றன. 2024 ஆசியக் கோப்பைக் காலிறுதியில் ஈரானுக்கு எதிராக மொரிதாவின் கோலால் 1-0. இரண்டாம் பாதி முழுவதும் ஈரான் தலைக்கு மேல் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தது. மஞ்சள் அட்டை வாங்கித் தடுமாறிக்கொண்டிருந்த தடுப்பாளர் இதாகுரா கடைசிவரை களத்தில் நின்றார். மாற்று ஆட்டக்காரர்கள் முன்வரிசைக்கே வந்தார்கள். ஈரான் சமன் செய்தது; கூடுதல் நிமிடங்களில் இதாகுராவின் தவறால் பெனால்டி, ஈரானின் ஜஹான்பக்ஷ் அடித்தார், 1-2. பொறுப்பைப் பயிற்சியாளர் தானே ஏற்றுக்கொண்டார். அது பெரிய மனம். ஆனால் திட்டம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1993 அக்டோபர் 28, தோஹா. ஈராக்கிடம் 2-1 முன்னிலை. கடைசி நிமிடத்தில் ஈராக்கியர் கார்னரை நேராகப் போடாமல் பக்கத்தில் நின்றவருக்குச் சிறியதாகத் தட்டினார்கள். அங்கிருந்து பந்து உள்ளே வந்தது, தலையால் முட்டி கோல். உலகக் கோப்பை வாய்ப்பு போயிற்று. அன்று களத்தில் நின்ற நடுக்கள வீரர் மொரியாசு.

அதைவிட அவசரமானது, சமநிலையில் முடிந்த ஆட்டத்தைத் தீர்மானிக்கும் பெனால்டி உதைகள். 2022-இல் குரோஷியாவுக்கு எதிராக யார் அடிப்பது என்பதை வீரர்களே கைதூக்கி முடிவு செய்தார்கள். முந்தைய ஆண்டு ஒலிம்பிக்கில் நியூசிலாந்துக்கு எதிராக இந்த முறை கைகொடுத்தது. உலகக் கோப்பையில் கைவிட்டது. மினாமினோ, மிதோமா, யோஷிதா மூவரின் உதையையும் குரோஷியக் கீப்பர் லிவாகோவிச் தடுத்தார். அசானோ மட்டும் அடித்தார். 1-3. 2010-இல் பராகுவேயிடமும் 2015 ஆசியக் கோப்பையில் ஐக்கிய அரபு அமீரகத்திடமும் பெனால்டி உதைகளில்தான் வெளியேறினீர்கள். தைரியம் உள்ளவர் முன்வரட்டும் என்பது கேட்க நல்ல கொள்கை. 120 நிமிடம் ஓடிக் களைத்த உடம்பு எதைச் சொல்லும் என்பது வேறு.

2026 உலகக் கோப்பையில் 48 அணிகள். குழுச் சுற்றுக்குப் பிறகு 32 அணிகளின் சுற்று புதிதாகச் சேர்கிறது. கோப்பையை எடுக்க 8 ஆட்டம், அதில் 5 ஆட்டங்கள் ஒன்றில் தோற்றாலே வெளியேற வேண்டியவை. ஆகவே கேட்கிறோம்: முதல் உதையிலிருந்து பதினோராவது உதைவரை வரிசையைப் பயிற்சியாளர் குழுவே முன்னதாக எழுதி வைக்கட்டும். ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் அடிப்பது என்பதை முந்தைய நாளே முடிவு செய்துகொண்டு, கீப்பர் அசைவதைப் பார்த்து மனம் மாறாமல் அடிக்கப் பழகட்டும். பயிற்சியைக் காலையில் புதிய காலோடு செய்தால் பயனில்லை. ஓட்டப் பயிற்சி முடிந்த பிறகு, நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்து வந்து, 11 மீட்டரில் பந்தை வைத்து, விசிலுக்குக் காத்திருந்து அடிக்க வேண்டும். அந்த நடைதான் பலரைக் கவிழ்க்கிறது. கூடுதல் நேரத்தில் கிடைக்கும் ஆறாவது ஆட்டக்காரர் மாற்றை, வரிசையில் முதல் ஐந்துக்குள் இருக்கும் ஒருவருக்காக ஒதுக்கி வையுங்கள்.

மார்ச் மாத நட்பு ஆட்டங்களில், எதிரணி சம்மதித்தால், 90 நிமிடம் முடிந்ததும் ஐந்தைந்து உதைகள் கேட்டு வாங்குங்கள். ஸ்கோர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அரங்கில் ஆட்கள் எழுந்து போவதற்குள் அடித்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஜப்பான் அணியைத் தொடர்ந்து பார்த்துவரும் தமிழ் ரசிகர்கள்